கார் நிக்கோபார் தாண்டிய பிறகு

கட்சால்
பிப்ரவரி 4, 2024

ஷீலாவுக்கு,

அண்ணி சொர்ணம்மா எழுதுவது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசியிருக்கலாமே என்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அண்ணனின் சட்டைப் பையில் இருக்கிறது. பொங்கலன்று நீ கூப்பிட்டு, கால் எப்படி, பசி எப்படி, மூச்சு எப்படி என்று வரிசையாகக் கேட்டாய் அல்லவா, அன்றிலிருந்து உன் நம்பர் வந்தால் அவர் எடுப்பதில்லை. "தங்கச்சியா கேக்குறாளா, கம்பெனிக்காரியா கேக்குறாளா, மொதல்ல அதச் சொல்லச் சொல்லு" என்கிறார். எனக்கும் அன்றைக்கு உன் மேல் எரிச்சல்தான். கூடப் பிறந்தவனிடம் நர்ஸ் மாதிரியா பேசுவது?

சோதனை மருந்து ஏற்றுவது நாலு முறை முடிந்துவிட்டது. உன் அண்ணன், இதே நோய் உள்ள முருகானந்தம் அண்ணன், ஒச்சம்மா அக்கா, மூன்று பேரும் தீவிலிருந்து கப்பலில் போர்ட் பிளேருக்குப் போய்விட்டு வந்தார்கள். துணைக்கு ஒவ்வொரு முறையும் நான்தான். போன தடவை டாக்டர் சிவபிரகாஷ், "ஏப்ரல்ல இருந்து மூணு மடங்கு குடுக்கலாம்னு பேச்சு நடக்குது, உங்க ஆளுங்க நல்லாத் தாங்குறாங்க" என்றார். உன் அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

மூன்று மடங்கு என்றால் அது நல்லதுதானா? நீதானே அந்த மருந்தைச் செய்கிற இடத்தில் இருக்கிறாய். சும்மாதான் கேட்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பதில் போட்டால் வீட்டு விலாசத்துக்குப் போடாதே. நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குப் போடு.

சொர்ணம்மா


ஹைதராபாத்
பிப்ரவரி 19, 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் பதினோரு நாள் கப்பலிலும் பையிலும் கிடந்து வந்தது. பொங்கலன்று நான் பேசிய விதம் தப்புதான். அப்பாவுக்கு நோய் வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கால் மரத்து, ரப்பர் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாமல் போய், கடைசியில் நெஞ்சில் நின்றது. அந்தப் பயத்தில் கேட்டுக்கொண்டே போய்விட்டேன்.

மருந்து என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்தில் ஆபீஸ் ஒரு சீட்டு எழுதி ஃபீல்டுக்கு அனுப்பும், அதைப் பார்த்துத்தான் அன்றைய வேலை நடக்கும். உடம்பிலும் மரபணு இருந்த இடத்தை விட்டு நகராது. அதன் நகலாக ஆர்.என்.ஏ. என்ற சீட்டுத்தான் வெளியே போகும். அதைப் படித்துக் கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்கிறது. அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு வந்த மரபணுவில் ஒரு பிழை. அதனால் புரதம் கோணலாக வந்து நரம்பிலும் இதயத்திலும் படிகிறது. எங்கள் மருந்து ஒரு சின்ன ஆர்.என்.ஏ. துண்டு. அது அந்தச் சீட்டைப் பிடித்துக் கிழித்துவிடும். துண்டை அப்படியே ரத்தத்தில் விட்டால் கரைந்துபோகும் என்பதால் ஒரு கொழுப்பு உறைக்குள் வைத்து அனுப்புகிறோம். பத்து வருஷமாக என் வேலை அந்த உறைதான்.

இப்போது கொடுக்கும் அளவில் கெட்ட புரதம் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. அது போதாது. அதிகப்படுத்தினால்தான் நோய் நிற்கும். குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டாம் நாள் ஜுரமும் கல்லீரல் வீக்கமும் வந்தன. மனிதர்களுக்கும் வருமோ என்று பயந்தோம். கட்சால் ஆட்கள் மூவருக்கும் நான்கு முறையும் ஒன்றுமே இல்லை என்று வந்த அறிக்கையைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் தைரியம் வந்தது. அண்ணன் சோதனையில் இருப்பதால் நோயாளிகளின் தாள்களை நான் பார்க்கக் கூடாது. தொகுத்த முடிவு மட்டும்தான் கண்ணில் படும். அதைப் படித்த அன்று லேபில் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிழை எனக்கு வரவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டேன். முடிவைப் பிரித்த அன்று சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது.

உங்களுக்கு அலைச்சல் குறையட்டும் என்று, கட்சால் கப்பல் புறப்படும் தேதிக்கு முந்தின நாள் மருந்து ஏற்றும்படி யோசனை சொன்னவள் நான்தான். என்னால் அண்ணனுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவே.

அண்ணி, காரணம் ஒன்றும் இல்லை என்று நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கவே இல்லையே. என்ன விஷயம்?

ஷீலா


கட்சால்
மார்ச் 11, 2024

ஷீலாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை, கிழித்தால் ஏப்ரல் வந்துவிடும்.

உன் அறிக்கையில் இருப்பது பொய்.

மருந்து காலை பத்து மணிக்கு ஏறும். மறுநாள் பத்து மணி வரைக்கும் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. சாயங்காலம் கப்பல். அதற்கு மறுநாள், வழியில் இருக்கும் தீவான கார் நிக்கோபாரில் ஆள் இறக்கி ஏற்றிக் கப்பல் நகர்ந்த பிறகு, பகல் பன்னிரண்டு சுமாருக்கு ஆரம்பிக்கும். முதலில் ஒச்சம்மா அக்காவுக்குப் பல் கிட்டும். நான் என் புடவையையும் சேர்த்துச் சுற்றிவிடுவேன். பிறகு இவருக்கு. பங்க் படுக்கை ஆடுகிற ஆட்டத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். தொட்டால் சுடும். கட்சால் கப்பல் துறையில் இறங்கும்போது நடக்கிற அளவுக்கு வந்துவிடும். மறுநாள் நர்ஸ் போன் செய்து கேட்கும், இவர், "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்பார். அந்த நேரத்தில் நல்லாத்தான் இருப்பார், அதையும் சொல்ல வேண்டும்.

முதல் முறை கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். வாந்தி, குளிர் எல்லாம் கப்பலில் புதுசா? மூன்றாம் முறை டிசம்பர். கடலில் அலையே இல்லை. முருகானந்தம் அண்ணனுக்கு உதடு நீலமாகிப் பேச்சு குழறிவிட்டது. நான் கப்பல் டாக்டரைக் கூப்பிட எழுந்தேன். இவர் என் கையைப் பிடித்தார். மரத்துப்போன கை, பிடியே கிடையாது, ஆனாலும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க போற?"

"டாக்டர்கிட்ட. அந்த மனுசன் வாயப் பாரு."

"ஜொரம்னு சொன்னா திருப்பிக் கொண்டுபோயிருவாங்க. பேர வெட்டிருவாங்க. மூணு பேரு பேரயும். அப்புறம் எங்கப்பன் போன வழிதான் எனக்கு."

சத்தம் கேட்டு டாக்டரே வந்துவிட்டார். "க்யா ஹுவா? தபியத் டீக் நஹி?" என்று இந்தியில் உடம்புக்கு என்னவென்று கேட்டார். இவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "சமுந்தர் கா சக்கர் ஹை, டாக்டர் சாப்" என்று கடல் மயக்கத்தின் மேல் பழியைப் போட்டார். டாக்டர் வாந்தி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே இவர் தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார், வெளியே சொல்லக் கூடாதென்று. நாலாவது முறை காய்ச்சல் மாத்திரையை முன்னாலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனோம். அதை வாங்கியது நான்தான்.

நீ கேட்பாய், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று. மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் சட்டைப் பித்தானைத் தானே போட்டார், ஷீலா. இரண்டு வருஷமாக நான் போட்டுவிட்ட பித்தான். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எவளுக்கு வாய் வரும்?

இப்போது மூன்று மடங்கு என்கிறார்கள். கொஞ்சம் கொடுத்ததற்கே அந்த ஆட்டம். சொன்னால் மருந்து போய்விடும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடலாம். நீ படித்தவள். உன் அண்ணன் பேரை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் சொன்னதாகச் சொல்ல முடியுமா? அளவைக் கூட்டாமல் இதே அளவில் ஓட்டச் சொல்ல முடியுமா? முடியும் என்று எழுது.

சொர்ணம்மா


ஹைதராபாத்
மார்ச் 26, 2024

அண்ணி,

முடியவில்லை.

கடிதம் கையில் கிடைத்த அன்றே அதை எடுத்துக்கொண்டு, சோதனையின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழுவின் தலைவரிடம் போனேன். உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள், நானும் தயங்குவேன், அளவைத் தீர்மானிக்கும் ஏப்ரல் கூட்டம் முடிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

சோதனையை நிறுத்திவிட்டார்கள். சின்ன அளவும் இனி இல்லை. மூன்று பேரையும் உடனே வரவழைத்து ரத்தம் பார்க்கப் போகிறார்கள்.

யார் பேரையும் மறைக்க முடியாது அண்ணி. இருந்தது மூன்று பேர்தான்.

மருந்துக்கு மறுநாள் கப்பல் என்ற ஏற்பாடு என்னுடையது. உங்களைப் பன்னிரண்டு மணிக்குக் கடலில் கொண்டுபோய் நிறுத்தியது நான். எந்தப் பேப்பரிலும் தெரியாத இடத்தில். நான் அண்ணனுக்கு நல்லது செய்வதாக நினைத்திருந்தேன்.

என்னை மன்னியுங்கள் என்று எழுதத் தைரியம் இல்லை.

ஷீலா


கட்சால்
ஏப்ரல் 20, 2024

ஷீலா,

டாக்டர் சிவபிரகாஷ் போனில் சொன்னார். இவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். "கப்பல்ல நடந்ததெல்லாம் ஏன் சொல்லல?" என்று அவர் கேட்டதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. முருகானந்தம் அண்ணன் பெண்சாதி குழாயடியில், "பத்தினி வந்துட்டா, வழி விடுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

நீயும் நானும் சேர்ந்து அவர் மருந்தைப் பிடுங்கிவிட்டோம். எனக்கு இனி எழுதாதே.

சொர்ணம்மா


ஹைதராபாத்
செப்டம்பர் 2, 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் வைத்துவிட்டாலும் சரி.

உங்கள் கடிதத்தில் "கார் நிக்கோபாரில் ஆள் இறக்கி ஏற்றி" என்று ஒரு வரி இருந்தது. அந்த நாலு பயணங்களின் கப்பல் நேரத்தையும் வரவழைத்து, மருந்து ஏறிய நேரத்திலிருந்து எண்ணிப் பார்த்தோம். நாலு முறையும் ஏறக்குறைய ஐம்பதாவது மணி. எங்கள் உறை கல்லீரலில் இவ்வளவு நேரம் தங்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. துண்டை இறக்கிவிட்டுச் சில மணிகளில் கரைந்துவிடும் என்று நம்பியிருந்தோம். கரையாமல் கிடந்து, ஐம்பதாவது மணிக்கு உடம்பு அதை எதிரியாகப் பார்த்துச் சண்டைக்குப் போயிருக்கிறது.

சீக்கிரம் கரையும் வேறொரு உறை எங்களிடம் முன்பே இருந்தது. விலங்குகளில் சோதித்து, செலவு அதிகம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். இப்போது அதை எடுத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. துண்டிலும் சில இடங்களை மாற்றுகிறோம், உடம்பு அதை வைரஸ் என்று நினைத்து மிரளாமல் இருக்க. மூன்று மடங்கு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அண்ணன் எவ்வளவு தூரம் நடக்கிறார்? ஒரு வரி போதும்.

ஷீலா


கட்சால்
ஜனவரி 14, 2025

ஷீலாவுக்கு,

வாசல் வரை. அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனால் இன்றைக்குப் பொங்கல், பேச ஆள் இல்லை.

பித்தான் மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் உட்கார்ந்தே தூங்குகிறார். போர்ட் பிளேரில் பார்த்துவிட்டு இருதயச் சுவர் தடித்துவிட்டது என்றார்கள். என்னிடம் இன்னும் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், "தண்ணி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவரா கொண்டுவந்து தரும்? நான் கொண்டுவந்து வைப்பேன். பித்தானைப் போடும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், பொய் சொல்லாதே. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பாரா?

சொர்ணம்மா


ஹைதராபாத்
ஆகஸ்ட் 8, 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. அதனால்தான் இத்தனை மாதம் எழுதவில்லை. தெரியும் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அது பொய்யாகவும் இருந்திருக்கும்.

புதிய மருந்துக்கு அனுமதி வந்துவிட்டது. அக்டோபரில் போர்ட் பிளேரில் தொடங்குகிறார்கள். பழைய மூவரில் இரண்டு பேரைச் சேர்க்கிறார்கள். அண்ணனைச் சேர்க்கவில்லை. இதயம் இந்த அளவுக்குத் தடித்தவர்களுக்கு, ஏற்றும் திரவத்தின் பாரமே ஆபத்து என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியை விவாதித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். என்னிடம் கருத்துக் கேட்டார்கள். என் அண்ணன் வெளியே போவான் என்று தெரிந்துதான், விதி சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை அண்ணனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நான் போன் செய்கிறேன். எடுக்கும்வரை செய்கிறேன்.

இன்னொன்று. இந்த முறை மருந்து ஏறியபின் நாலு நாள் போர்ட் பிளேரை விட்டு நகரக் கூடாது. அங்கேயே டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வீடு பிடித்திருக்கிறார்கள். அந்த நாலு நாளும், பிறகு கப்பலிலும், அவர்கள் பேச்சு தெரிந்த ஒருவர் கூட இருந்து எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். டாக்டர் சிவபிரகாஷ் உங்கள் பெயரைச் சொன்னார். நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கணவருக்கு இல்லாத மருந்துக்கு மனைவியைக் காவல் வைப்பது கொடுமை என்றுதான் எனக்குத் தோன்றியது. முடிவு உங்களுடையது.

ஷீலா


கட்சால்
நவம்பர் 3, 2025

ஷீலாவுக்கு,

நீ பதினேழு முறை போன் செய்தாய் என்று உன் அண்ணன் எண்ணி வைத்திருக்கிறார். கடைசி முறை எடுத்தார். நீ பேசி முடித்ததும், "சரி" என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. அந்தப் பங்க் படுக்கையில் முருகானந்தம் அண்ணன் கிடந்த கிடப்பை நான்தானே பார்த்தேன், பார்த்தவள்தான் போக வேண்டும் என்று தோன்றியது. இவருக்கு இரண்டு வாரம் கஞ்சி வைக்க ரூபா ஒத்துக்கொண்டாள், எங்கள் அங்கன்வாடி டீச்சர்.

நாலு பேர். ஒச்சம்மா அக்கா, முருகானந்தம் அண்ணன், புதிதாக இரண்டு ஆட்கள். மருந்து ஏறியதிலிருந்து இரண்டு மணிக்கொரு தரம் ஜுரம் பார்த்து எழுதினேன். காய்ச்சல் மாத்திரை யாரிடமாவது இருக்கிறதா என்று பைகளையும் சோதித்தேன், ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஐம்பதாவது மணி டெய்ரி ஃபார்ம் வீட்டில் பகல் பன்னிரண்டுக்கு வந்தது. நான் ஒச்சம்மா அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி இப்பிடி மொறைக்கிற, நான் இன்னும் சாவல" என்றாள். ஒரு மணியானது, இரண்டானது. ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் கப்பலில், கார் நிக்கோபார் தாண்டிய பிறகு, முருகானந்தம் அண்ணன் கேன்டீன் வரிசையில் நின்று சோறு வாங்கித் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அதையும் நேரம் போட்டு எழுதியிருக்கிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்தேன். இவர் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். பையை இறக்கி வைத்தேன். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"யாருக்காச்சும் குளிர் வந்துச்சா?"

பத்தொன்பது மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"யாருக்கும் வரல."

"மறைக்கலயே?"

"இல்ல. நோட்டு இருக்கு, பாரு."

அவருக்குப் பக்கம் புரட்ட விரல் வராது. நான் புரட்டப் புரட்ட ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டு, "பின்னாடி வெத்துத் தாள் இருக்குல்ல, எழுதிக்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இடையில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். பேனா பிடிக்க முடியாததால் கைநாட்டு வைத்தார். அந்தத் தாளை இத்துடன் அனுப்புகிறேன். நோட்டு டாக்டரிடம் போகிறது, இது உன்னிடம் வரவேண்டும் என்றார்.

சொர்ணம்மா


முத்துவீரன் மகன் யோகராஜ் சொல்லி எழுதியது.

முதல் முறை, கப்பலில் குளிர் ஜுரம், நாலு மணி நேரம். சிஸ்டர் கேட்டபோது இல்லை என்றேன்.

இரண்டாம் முறை, அதே. இல்லை என்றேன்.

மூன்றாம் முறை, அதே. டாக்டரிடம் கடல் மயக்கம் என்றேன். முருகானந்தத்தையும் அப்படியே சொல்ல வைத்தேன். அவன் அன்றைக்குச் செத்திருந்தால் அது என் தலையில்.

நாலாம் முறை, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டதால் குளிர் குறைவு. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் சிறுநீர் கறுத்துப் போனது, கண் மஞ்சளானது. வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டேன். என் மனைவிக்கும் தெரியாது, அவளிடமும் சொல்லவில்லை.

மூன்று மடங்கு ஏற்றியிருந்தால் நான் போயிருப்பேன். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் ஏப்ரல் கப்பல் டிக்கெட்டுக்குப் பேர் கொடுத்திருந்தேன். சொல்ல வேண்டியவன் நான். சொன்னது அவள்.

ஷீலா, இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்.